பெட்டிக்கு ஒரு வயிறு

ஓசூரில் கடல் இல்லை. இதை அந்த மீன்கார அம்மாவிடம் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். இங்கே இருப்பது கம்பெனி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கம்பெனி, இரண்டுக்கும் எதிரே என் மெஸ். ஷிப்ட் முடிந்து வருகிற பையன்களுக்கு மதியம் தட்டில் மீன் விழ வேண்டும். அந்த மீன் எப்போது முட்டை போடும், அதன் பிள்ளைகுட்டிகள் என்ன ஆகும் என்றெல்லாம் விசாரிக்க எனக்கு நேரம் கிடையாது. அந்த அம்மாவுக்கு அதற்கு மட்டும்தான் நேரம் இருந்தது.

நாகப்பட்டினம் பக்கம் மீனவர் வீட்டில் பிறந்தவர். கணவருக்கு இங்கே உதிரிபாகக் கம்பெனியில் வேலை என்பதால் ஓசூருக்கு வந்து சேர்ந்தார். மார்க்கெட்டின் பின்வரிசையில் ஒரு தகரக் கொட்டகை, வெட்டுவதற்கு ஒரு புளியமரக் கட்டை, இரண்டு தட்டு, சுவரில் ஒரு மாதக் காலண்டர். கடை அவ்வளவுதான். பெயரை நான் கடைசி வரை கேட்கவில்லை. என் போனில் இன்றைக்கும் ‘மீன்கார அம்மா’ என்றுதான் இருக்கிறது.

முதல் சண்டை நன்றாக நினைவிருக்கிறது. சங்கரா பத்து கிலோ வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். காலையில் போனால் கையை விரித்தார்.

“இன்னைக்கு சங்கரா இல்லண்ணே.”

“என்னாம்மா சொல்ற? இதோ ரெண்டு பெட்டி கெடக்குதே.”

“கெடக்குது. வயித்தப் பாத்தீங்களா? பூரா சினை. லாரிக்கார பாய் வந்து திருப்பி எடுத்துட்டுப் போவாரு.”

“முட்டை இருந்தா என்னாம்மா? பசங்க இன்னும் ஆசையா சாப்பிடுவானுங்க.”

“அதுக்குத்தான் குடுக்க மாட்டேங்கறேன்.”

“அறுபது பேருக்கு கொழம்பு வெக்கணும்மா!”

“சாம்பார் வைங்களேன்.”

எனக்கு வந்த கோபத்தில் பாத்திரத்தைத் தூக்கி வண்டியில் எறிந்தேன். அன்றைக்கு மெஸ்ஸில் அவசர அவசரமாக முட்டைக் குழம்பு வைத்தோம். மீன் முட்டையைக் காப்பாற்றப் போய் ஐந்து அட்டை கோழி முட்டை காலியானது. இதை மறுநாள் போய்ச் சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பே வரவில்லை. “கோழிய நீங்க வளக்குறீங்க. மீன யாருண்ணே வளக்குறா?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

பெட்டிக்கு ஒரு வயிறு என்பது அவருடைய சட்டம். எந்தப் பெட்டி வந்தாலும் முதல் மீனை எடுத்து வயிற்றைக் கீறிப் பார்ப்பார். வெறும் வயிறு என்றால் வியாபாரம். சினை என்றால் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, ஈரக் கையோடு காலண்டருக்குப் போவார். அன்றைய கட்டத்தில் மீனின் முதல் எழுத்தை எழுதி அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். சங்கராவுக்கு ‘ச’. மத்திக்கு ‘ம’. வெறும் வயிறு என்றால் எழுத்து மட்டும், புள்ளி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இருபது பேர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த அம்மா பேனாவைத் தேடிக்கொண்டிருப்பார்.

இதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும் விஷயம் ஒன்று உண்டு. கீறிப் பார்த்த அந்த ஒரு மீனின் சினையை அவரே வீட்டுக்கு எடுத்துப்போய் மிளகு போட்டு வறுத்துச் சாப்பிடுவார். கேட்டால், “அத தொறந்தாச்சுல்லண்ணே, இனிமே மூடவா முடியும்?” என்பார். சினை வறுவல் என்றால் அவருக்கு உயிர். ஊருக்கே உபதேசம் செய்துவிட்டு எந்தக் கூச்சமும் இல்லாமல் விரலைச் சப்புகிற ஆளை நான் என்ன சொல்லித் திருத்துவது?

லாரியிலிருந்து பெட்டி இறக்கிக் கொடுக்கும் பாய் என்னைவிடப் பொறுமைசாலி. அவருக்கே ஒரு நாள் தாங்கவில்லை. அன்றைக்கு சினைகூட இல்லை, மீன் சின்னதாக இருந்தது. புளியமரக் கட்டையின் ஓரத்தில் அந்த அம்மா கத்தியால் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தார். வஞ்சிரம் இந்தக் கோட்டைத் தொட வேண்டும், அயிலை இந்தக் கோட்டை. தொடாவிட்டால் அது குழந்தை, வாங்க மாட்டார்.

“ஏம்மா, இது செத்துப் போயி ஐஸ்ல படுத்து ரெண்டு நாள் ஆச்சு. இத என்ன பண்ணச் சொல்ற? கொண்டுபோயி கடல்ல விட்டா நீஞ்சுமா?” என்றார் பாய்.

“நான் வாங்கலன்னா அடுத்த தடவ நீங்க ஏத்த மாட்டீங்கல்ல.”

“நீ வாங்கலன்னா பெங்களூரு வாங்கும். அத்திப்பள்ளி தாண்டினா போதும், கண்ண மூடிட்டு எடுத்துக்குவான்.”

இதைக் கேட்ட பிறகாவது ஒரு மனுஷி விட்டுக்கொடுக்க வேண்டுமா இல்லையா? அந்த அம்மா பெட்டியைக் காலால் பாயின் பக்கம் நகர்த்திவிட்டு, தட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சித்திரை பிறந்ததும் நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். மீன் முட்டை போடும் காலம் என்று சர்க்கார் வைத்த தடை, இரண்டு மாதம். அது முடியும் நேரத்தில் மேற்கே மங்களூர்ப் பக்கம் தடை தொடங்கிவிடும். ஓசூர்க்காரர்களுக்கு இது எதுவும் உறைக்காது. கிழக்கே மூடினால் மங்களூர் லாரி வரும். மேற்கே மூடினால் நாகப்பட்டினம், கடலூர் லாரி வரும். மற்ற மாதங்களில் இரண்டும் வரும். ஜூன் தொடக்கத்தில் மட்டும் இரண்டு வாரம் இரண்டு கடலும் மூடிக் கிடக்கும். அப்போது கிருஷ்ணகிரி டேமிலிருந்து கட்லாவும் ரோகுவும் வாங்கி ஒப்பேற்றுவோம். எங்கள் ஊரில் மீனில் இரண்டே ரகம்தான். ஒன்று கடல் மீன், இன்னொன்று டேம் மீன்.

ஆனால் என் மெஸ் வாசலில் இருந்த கரும்பலகையில் நான் அப்படி மொட்டையாக எழுதுவதில்லை. ‘நாகப்பட்டினம் சங்கரா வறுவல்’, ‘மங்களூர் மத்திக் குழம்பு’ என்று ஊர் பேரோடு எழுதுவேன். அதைப் போட்டோ எடுத்துக் கம்பெனிப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் போடுவேன். முதல் ஷிப்டில் நம் கடலோர மாவட்டத்துப் பையன்கள் வரும் வாரம் நாகப்பட்டினம். கேரளா, மங்களூர்ப் பையன்கள் வரும் வாரம் மங்களூர். ஷிப்ட் மாறினால் ஊரும் மாறும். மீன் என்னவோ எல்லாம் அந்த அம்மாவின் தட்டிலிருந்து வந்ததுதான். தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று நினைத்திருந்தேன். ஊர் பேர் எழுதிப் போட்டோ போடுகிற விஷயத்தை மட்டும் ஒரு நாள் அவரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். அவர் கடையை விட்டு மெஸ் பக்கம் வந்ததே இல்லை என்ற தைரியம்தான்.

ஒரு ஐப்பசி மாதம் தொடர்ந்து நான்கு நாள் எனக்கு மீன் இல்லை என்று சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள் மார்க்கெட்டிலேயே நின்று கத்திவிட்டேன். உனக்கு என்னம்மா வந்தது, கடலை நீயா குத்தகைக்கு எடுத்திருக்கிறாய், அதற்குத்தான் கவர்மெண்ட்டு தேதி போட்டுப் பார்த்துக்கொள்கிறதே என்று கேட்டேன். அந்த அம்மா வெட்டுவதை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை.

“எங்க அண்ணன் விசைப்படகு வச்சிருக்குண்ணே. வருஷா வருஷம் ரெண்டு மாசம் படகக் கட்டிட்டு வீட்ல கெடக்குது. வேற தொழில் தெரியாது. சரி, மீனு சினை போடுது, போட்டா நாளைக்கு நமக்குத்தானேன்னு கெடக்குது. ஆனா அந்த ரெண்டு மாசத்துல, ஊருல தடை இல்லாத நாட்டுப்படகுல வர்ற மீன அண்ணன் அறுத்துப் பாத்தா, முன்ன மாதிரி இல்லண்ணே, நெறைய வெறும் வயிறு. இங்க ஐப்பசியில பாருங்க, கட்டையே வழுக்குது, அவ்வளவு சினை. தண்ணி சூடாயிடுச்சுன்னு அண்ணன் சொல்லுது. முன்னாடி மத்தி மங்களூர் லாரியிலதான் வரும். இப்ப எங்க ஊரு லாரியிலயும் வருது. மீனு வீடு மாத்திடுச்சு, நாம பழைய வீட்டுக் கதவையே பூட்டிட்டு நிக்கறோம். அப்ப எங்க அண்ணன் எதுக்குண்ணே பட்டினி கெடந்துச்சு?”

அந்தக் கேள்வி எனக்குப் புரிந்துவிட்டது. அதற்காக என் மெஸ்ஸில் மீன் இல்லாமல் போனது நியாயமாகிவிடுமா என்ன? திரும்பி வரும் வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தேன். இரண்டு மாதம் வேறு கடையில் மீன் வாங்கினேன். அங்கே மீன் நாறியது. மறுபடியும் இவரிடமே போய் நின்றேன். “வாங்கண்ணே” என்றார், நேற்றுப் பார்த்த ஆளிடம் சொல்வதைப் போல.

இப்படி எட்டு வருஷம் ஓடியது. எட்டாவது வருஷம், இரண்டு கடலும் மூடியிருந்த அந்த ஜூன் வாரத்தில், டேம் மீன் வாங்க என் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டேன். அந்த அம்மா வழியில் மறித்து ஏறிக்கொண்டார். மடியில் எட்டுக் காலண்டர். டேம் பக்கம் மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒரு மேடம் புதிதாக வந்திருக்கிறார், முன்பு கடலோரத்தில் வேலை பார்த்தவர், கேட்பார் என்று பாய் சொல்லியிருந்தாராம். எட்டு வருஷத்துச் செதிலும் ரத்தமும் ஒட்டிய தாள்கள். சூளகிரி தாண்டுவதற்குள் வண்டிக்குள் உட்கார முடியவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டேன்.

“டேம் மீன் பாக்குற ஆபீஸ்லம்மா அது. கடலப் பத்திப் பேசினா சிரிப்பாங்க.”

“சிரிச்சா சிரிக்கட்டும். காலண்டரு என்னா கடிக்கவா போவுது?”

அந்த மேடம் சிரிக்கவில்லை. இளவயதுப் பெண். முகத்தைக்கூடச் சுளிக்காமல் ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

“இத நீங்களேவா எழுதினீங்கம்மா? தினமுமா? தடைத் தேதிய மாத்தலாமான்னு இப்பத்தான் கருத்துக் கேக்குறாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும். நாள் தவறாம ஒரு மார்க்கெட்ல எழுதின மாதிரி எதுவும் என் கைக்கு வந்ததில்ல. குடுங்க, நான் அனுப்பறேன்.”

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போதுதான் மேடம் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“‘ச’ன்னா சங்கரா, புள்ளின்னா சினை. சரி. இது எந்தக் கடல் மீன்?”

“கடல் மீனு மேடம்.”

“அதாம்மா. மங்களூர் லாரியில வந்ததா, நம்ம பக்கத்து லாரியில வந்ததா? தடை மாசத்துல ஒரு கடல்தான், தெரிஞ்சிடும். மத்த மாசம் ரெண்டும் வருமே. ரெண்டு கடலுக்கும் தேதி வேற வேற. எந்தக் கடல்னு இல்லாம இத வச்சு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா.”

அந்த அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அன்றன்றைக்கு எந்த லாரி என்று அவருக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டார். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர், எட்டு வருஷமாக எங்களைப் போலவே ‘கடல் மீன்’ என்று ஒரே கட்டத்தில் இரண்டு கடலையும் கொட்டி வைத்திருந்தார். கடற்கரையில் எந்த ஊரிலிருந்து எழுதியிருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“மேடம், இவரு மெஸ் போர்டுல ஊரு பேரு போட்டு எழுதுவாரு! தினம் போட்டோ எடுத்துப் போனுல போடுவாரு. மீனு பூரா நான் குடுத்ததுதான். அண்ணே, அந்தப் போன எடுங்க.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். ‘வேண்டாம்மா, அது சும்மா எழுதினது’ என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழுவைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டேன்.

அந்த அம்மா நிதானமாகப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு மே மாதத்தில் விரல் நின்றது. ‘நாகப்பட்டினம் சங்கரா வறுவல்’ என்று என் கையெழுத்து அழகாக இருந்தது. அவருடைய அண்ணனின் படகு கட்டிக் கிடந்த மாதம் அது. நாட்டுப்படகில் கிடைக்கிற மீன் ஊரைத் தாண்டி ஓசூர் வரைக்கும் வராது. அடுத்து ஒரு ஜூலை மாதம். ‘மங்களூர் மத்திக் குழம்பு’. மேற்கே பூட்டிக் கிடந்த நேரம். இன்னும் இரண்டு மூன்று படம் பார்த்தார். பிறகு போனை அணைத்து என்னிடம் நீட்டினார்.

“இது ஆவாது மேடம். நான்தான் தப்பா சொல்லிட்டேன். அண்ணன் நாலு கடையில வாங்குவாரு. இது எம் மீனு இல்ல.”

பெட்டிக்குப் பெட்டி வயிற்றைக் கீறி உண்மையைப் பார்த்த அந்த அம்மா சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அதையும் என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னார்.

திரும்பும்போது சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தினேன். இரண்டு வாய் குடித்த பிறகு கேட்டார்.

“எதப் பாத்துண்ணே ஊரு பேரு எழுதுவீங்க?”

“ஷிப்ட் லிஸ்ட்டப் பாத்தும்மா.”

ஒரு நொடி புரியாமல் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். டீ சேலையில் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒங்களச் சொல்லி என்னாண்ணே? நானும்தான எட்டு வருஷம் கடல் மீனுன்னு எழுதியிருக்கேன். எங்க ஊருல கேட்டா வெளக்கமாத்தாலயே அடிப்பாங்க” என்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அதைக்கூடச் செய்யாத மனுஷி.

தேதிகள் மாறவில்லை. அடுத்த சித்திரையிலும் அவருடைய அண்ணன் படகைக் கட்டிப் போட்டார். இந்த எட்டுக் காலண்டர் போயிருந்தால் மட்டும் மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

டேம் மீன் நாட்கள் முடிந்து கடை திறந்த அன்றே காலண்டருக்குப் பக்கத்தில் இரண்டு பேனா தொங்கியது. கிழக்குக்கு நீலம், மேற்குக்குச் சிவப்பு. முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றரை வருஷம் எழுதியிருப்பார். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். கட்டையைப் பாயிடம் கொடுத்தார். எனக்குக் கொடுத்தது அந்த இரண்டு பேனா.

“என்னாம்மா இது? நான் மெஸ் நடத்துறவன்.”

“எங்க ஊருல ஒரு கடல்தாண்ணே வரும். ரெண்டும் வர்றது ஒங்க ஊருலதான்.”

அன்றிலிருந்து இந்த வேலை என் தலையில். பாயின் லாரி வந்ததும் நானே போய் எந்த ஊர் என்று கேட்டு, பெட்டிக்கு ஒரு வயிறு கீறிப் பார்த்து, சமையலறைச் சுவரில் இருக்கும் காலண்டரில் நீலத்திலோ சிவப்பிலோ எழுதுகிறேன். சினையாக இருந்தால் வாங்காமல் வந்துவிடுகிறேன். எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது. வாசலில் இருக்கும் பலகையிலும் நிஜமான ஊரைத்தான் எழுதுகிறேன். பாய்க்கே தெரியாத நாளில் ‘மத்திக் குழம்பு, எந்தக் கடல் என்று தெரியவில்லை’ என்று எழுதிப் போடுகிறேன். பையன்கள் அதைப் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பிச் சிரிக்கிறார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, படகு கட்டுகிற அன்றைக்கு, அந்த அம்மா போன் செய்வார். நல்லா இருக்கீங்களா, வீட்டில் சௌக்கியமா, எதுவும் கிடையாது. எடுத்ததும், “வயித்தப் பாத்தீங்களாண்ணே?” என்பார். பார்த்தேன் என்று சொல்லி, நீலம் எத்தனை, சிவப்பு எத்தனை என்று படித்துக் காட்டுவேன். ஏதாவது ஒரு நாள் விட்டுப்போயிருந்தால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். போனை வைத்ததும் கொஞ்ச நேரம் வாய்க்குள் திட்டுவேன். பிறகு எழுந்து போய்ச் சுவரைப் பார்ப்பேன்.

வீணான அந்த எட்டுக் காலண்டருக்கு ஈடாக அந்த அம்மாவுக்கு எட்டு வருஷத்தை எழுதித் தருவது என்று எனக்குள் ஒரு முடிவு. அவரிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது ஐந்தாவது காலண்டர் தொங்குகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.